ஆதிச்சநல்லூர்ப் பறம்பில் சில ஞாயிறுகள்

ஏறக்குறைய ஒரு வருட காலம் நானும் என் வீட்டுக்காரரும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போய்வந்தோம் என்பது என் மாமியாருக்குக் கண்ணை மூடும்வரை தெரியாது. கோயிலுக்கு என்றே நினைத்திருந்தாள். திரும்பி வந்ததும் திருநீறு கொடுப்போம், பக்தியாகப் பூசிக்கொள்வாள். அந்தத் திருநீறு ஜங்ஷனில் பஸ்ஸை விட்டு இறங்கி, முக்கில் இருந்த பிள்ளையாரிடம் எடுத்தது. பிள்ளையாரும் யாரிடமும் சொல்லவில்லை.

நாங்கள் போனது ஆதிச்சநல்லூருக்கு. இன்றைக்கு அந்தப் பேரைச் சொன்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூடத் தாழி, இரும்பு, தங்கப் பட்டம் என்று ஒப்பிக்கின்றன. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே போய் நின்றால் ஒரு ஈ காக்கை கிடையாது. திருச்செந்தூர் ரோடு நடுவில் வகிடு எடுத்துப் போகும் ஒரு செம்மண் மேடு. அதைத்தான் பறம்பு என்பார்கள். உடைமுள், அங்கங்கே பனை, சர்க்கார் நட்டுவைத்த ஒரு துருப்பிடித்த போர்டு. அந்தப் போர்டில் உள்ளதை வாசிக்கவும் நல்ல கண் வேண்டும்.

நான் அப்போது பாளையங்கோட்டையில் தொலைபேசி நிலையத்தில் டிரங்க் கால் போட்டுக்கொடுக்கிற வேலையில் இருந்தேன். எஸ்.டி.டி. பூத்துகள் தெருவுக்குத் தெரு முளைக்கத் தொடங்கிவிட்டன. ஆனாலும் “கொஞ்சம் சீக்கிரம் போட்டுக் குடும்மா” என்று எங்களிடம் கெஞ்சுகிறவர்கள் குறையவில்லை. அம்பாசமுத்திரத்து நெல் வியாபாரியைப் பம்பாயோடு சேர்த்துவைப்பேன். யார் எங்கே இருக்கிறார்கள் என்று தேடிப் பிடித்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. என் வீட்டுக்காரர் சர்வேயர். வயலுக்குள் புதைந்துபோன எல்லைக்கல்லைக்கூட, கையில் உள்ள வரைபடத்தை ஒரு பார்வை, சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இங்கன தோண்டுங்க” என்பார். தோண்டினால் கல் இருக்கும். அண்ணன் தம்பி வெட்டுக்குத்து வரைக்கும் போன வரப்புத் தகராறுகளை அவர் இரண்டு வார்த்தையில் முடித்துவைத்திருக்கிறார். மனுஷர் ஒரு நாளைக்குப் பேசுவதே அந்த இரண்டு வார்த்தைதான். மீதியை வீட்டில் நான் பேசிவிடுவேன்.

எங்களுக்கு முதலில் பிறந்தது பெண். நல்ல கறுப்பு, தலை நிறைய முடி. யாரை உரித்து வைத்திருக்கிறது என்று பார்க்க வந்தவர்கள் எல்லாம் பட்டிமன்றம் நடத்தினார்கள். பேர் வைக்கவில்லை; பதினாறு நாள் கழியட்டும் என்று இருந்தோம். அதற்குள் மஞ்சள் காமாலை என்றார்கள், பிறகு மூச்சுத் திணறுகிறது என்றார்கள், பிறகு ஒன்றும் சொல்லாமல் நர்சம்மா என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனாள். எனக்கு அனலாகக் காய்ச்சல், எழுந்து நிற்க முடியவில்லை. என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் பிள்ளையை ஒரு வெள்ளைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். திரும்பி வரும்போது இருவருக்கும் தலை ஈரமாக இருந்தது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எங்கள் சைவக் குடும்பங்களில் பெரியவர்கள் செத்தால் கருப்பந்துறையில் எரிப்பார்கள். பச்சைப்பிள்ளையை எரிப்பதில்லை, ஆற்றங்கரையில் குழி தோண்டி வைத்து, மண்ணை நிரவிவிட்டு, முங்கிக் குளித்துவிட்டு வந்துவிடுவார்கள். கல் நடுவதில்லை, திவசம் கிடையாது, படம் மாட்டுவது கிடையாது. பெண்கள் அந்தப் பக்கம் போவதும் கிடையாது. இதெல்லாம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். நான் வாக்கப்பட்ட வீட்டில் இதற்கு மேலும் ஒன்று உண்டு: பிள்ளையை வைத்த இடத்தைத் தாய்க்குச் சொல்லக்கூடாது. தெரிந்தால் அவள் மனசு அந்தக் குழியைச் சுற்றியே கிடக்குமாம். அடுத்தது வயிற்றில் தங்காதாம்.

நான் கேட்டேன். முதலில் பையக் கேட்டேன். பிறகு தெருவே கேட்கும்படி கேட்டேன்.

“எங்கன வச்சிய?”

“ஆத்தங்கரைலதான்.”

“ஆத்தங்கரைன்னா? பாவநாசத்துலேருந்து புன்னக்காயல் வரைக்கும் ஆத்தங்கரைதான்.”

“அதெல்லாம் எதுக்குட்டி இப்ப?”

எதுக்கா? ஊரான் வீட்டு மூலைக்கல்லையெல்லாம் கண்டுபிடித்துக் கொடுக்கிற மனுஷனுக்குத் தன் பிள்ளையை வைத்த இடம் மட்டும் மறந்துபோகுமா? அது அத்தை போட்ட பூட்டு என்று எனக்குத் தெரியும். எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. இன்ன மரத்துக்குக் கீழே, இன்ன படித்துறைக்கு மேற்கே என்று மனசுக்குள் ஒரு விலாசம். மழை பெய்தால் எங்கே நனைகிறது என்று தெரிந்து நினைக்க வேண்டும். இடம் தெரியாததால் மழை பெய்கிறபோதெல்லாம் நான் ஆறு முழுவதையும் நினைக்க வேண்டியிருந்தது.

பிள்ளை போன சில மாதத்தில் அத்தை ஒரு ஏற்பாடு செய்தாள். தாமிரபரணிக் கரையில் ஒன்பது சிவன் கோயில்கள் உண்டு, கிரகத்துக்கு ஒன்றாக. ஞாயிற்றுக்கு ஒரு கோயில் என்று, ஒன்பதும் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து, நாங்கள் இருவரும் போய்வர வேண்டும், அடுத்த பிள்ளை நல்லபடியாகத் தங்கும் என்றாள். போனோம். பாவநாசத்தில் மீனுக்குப் பொரி போட்டோம், சேரன்மகாதேவியில் பிரகாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம். கூட்டம் இல்லாத இடமாகப் பார்த்து நான் அழுதேன். இவர் கொஞ்சம் தள்ளி நின்று கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஸ்ரீவைகுண்டத்துக்குப் போன அன்றைக்குத்தான், கருங்குளம் தாண்டியதும் டமார் என்று சத்தம் கேட்டுப் பஸ் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. எல்லாரையும் இறங்கச் சொன்னார் கண்டக்டர். மாற்று டயர் இருந்தது; அதிலும் காற்று இல்லை. ஒரு பெரியவர் இந்த பஸ்ஸில் ஏறின தன் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே பனை நிழலில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். எனக்கு ஒரு இடத்தில் நிற்க முடியாது. ரோட்டோரம் மேடு தெரிந்தது, ஏறி நடந்தேன். செம்மண்ணும் சரளைக்கல்லும் காலுக்குக் கீழே நொறுநொறு என்றன. பார்த்தால், தரையில் ஒரு வட்டம். மண்ணுக்குள் புதைந்த பெரிய பானையின் வாய் மட்டும் தெரிகிறது. ஒன்றைப் பார்த்த பிறகு இன்னொன்று தெரிந்தது, பிறகு இன்னொன்று.

“ஏ தாயி, பாத்துக் காலை வை. மிதிச்சா உள்ள எறங்கிரும்.”

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பொம்பளை. கையில் தொரட்டி, வாய் நிறைய வெற்றிலை.

“என்னது இது?” என்றேன்.

“தாழி. சவத்தை உள்ள வச்சுப் பொதச்சிருக்காவ. இந்தப் பறம்பு பூரா தாழிதான். மழை பெஞ்சா மண்ணு கரைஞ்சு வாய் தெரியும்.”

“யாரை வச்சிருக்காவ?”

“எனக்கென்ன தெரியும், நானா வச்சேன்?” என்று வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இளகினாள். “அந்தக் காலத்துல சனம் லேசுல சாகாதாம்லா. வயசாகி வயசாகிச் சுருங்கி, கைப்பிள்ளை கணக்கா ஆயிருமாம். எத்தனை நாளைக்குத் தூக்கிச் சுமக்க? தாழிக்குள்ள உக்காத்தி, சோறும் தண்ணியும் வெளக்கும் வச்சு மூடிருவாவளாம். சின்னத் தாழியும் கெடக்கு, அந்தா அந்த ஓடையோரம். அது நெசமாவே பச்சைப்பிள்ளைக்குள்ளதுன்னு எங்க அய்யா சொல்லுவாவ. மெய்யோ பொய்யோ.”

நான் ஓடையோரம் போனேன். அவள் சொன்னது இருந்தது. என் இரண்டு கையையும் சேர்த்து வளைத்தால் அந்த வாய் அடங்கிவிடும். உள்ளே கெட்டிச் செம்மண். அது பிள்ளையினுடையதா, வேறு எதற்கோ வைத்த பானையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அன்றைக்கு எனக்குச் சந்தேகமே வரவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

இவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். “ஏட்டி, காத்தடிச்சு டயர் மாட்டியாச்சு. பஸ்ஸு கெளம்பப் போவுது.”

“இது எத்தனை வருஷம் இருக்கும்?”

குனிந்து பார்த்தார். “ரெண்டாயிரம், மூவாயிரம்னு சொல்லுதாவ. சரியாத் தெரியாது.”

“அத்தனை வருஷத்துக்கு முந்தி எவளோ ஒருத்தி தன் பிள்ளையை வச்ச எடம் எனக்குத் தெரியுது. என் பிள்ளையை வச்ச எடம் எனக்குத் தெரியல.”

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ரோட்டில் பஸ் இரண்டு தடவை ஹாரன் அடித்தது. பிறகு எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. சாயங்காலம் வரை அங்கேயே இருந்தோம். கொண்டுபோன புளியோதரையைப் பனை நிழலில் வைத்துத் தின்றோம். ஜங்ஷனில் இறங்கியபோதுதான், கோயிலுக்குப் போகவில்லையே, அத்தை திருநீறு கேட்பாளே என்ற நினைப்பு வந்தது. அப்போதுதான் முக்குப் பிள்ளையாரைக் கண்டுபிடித்தோம்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறாவது அந்தப் பறம்புக்குப் போகாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இவரும் கூட வருவார். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. வெயில் ஏறும் முன் போய்விடுவோம். நான் ஓடையோரம் உட்கார்ந்து மனசுக்குள் பேசுவேன். யாருடன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது; அந்தப் பழைய தாயோடா, அவள் பிள்ளையோடா, என் பிள்ளையோடா? ஆபீஸில் நடந்தது, அத்தை சொன்னது, கத்தரிக்காய் விலை என்று ஒன்றையும் விடமாட்டேன். இவர் தாழியின் வாய்களை மிதிக்காமல் சுற்றிச் சுற்றி நடப்பார். சர்வேயர் நடை இருக்கிறதே, அது ஞாயிற்றுக்கிழமை என்றாலும் மாறாது. ஒரு கல்லில் நிற்பார், தூரத்துப் பனையைப் பார்ப்பார், திரும்பி வேறு எதையோ பார்ப்பார்.

அதனால் ஒரு வம்பு வந்தது. பக்கத்து ஊர் டீக்கடையில் யாரோ இவரை அடையாளம் கண்டுகொண்டார்கள். தாலுகா ஆபீஸ் சர்வேயர் வாரா வாரம் பொண்டாட்டியோடு வந்து பறம்பை நோட்டம் பார்க்கிறார், கம்பெனி வரப்போகிறது, வேறு ஊர்களில் எடுத்த மாதிரி இங்கேயும் நிலம் எடுக்கப் போகிறார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. ஒரு ஞாயிறு நாங்கள் டீ குடிக்கப் போனபோது எட்டுப் பத்துப் பேர் சூழ்ந்துகொண்டார்கள்.

“அண்ணாச்சி, எங்கன வரைக்கும் எடுக்காவ? உள்ளதைச் சொல்லுங்க வே” என்றார் ஒருவர். இன்னொருவர் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு ரெண்டு பனை நிக்கி அண்ணாச்சி. அதை மட்டும் விட்டுட்டு அளந்துருங்க” என்றார்.

“நான் அளக்க வரலைய்யா.”

“பொறவு என்னத்துக்கு வாரிய? இந்த முள்ளுக்காட்டுல என்ன இருக்கு?”

நான்தான், “எங்க சொந்தக்காரவளைப் பாக்க வாரோம்” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு எங்களைக் கிறுக்குப் பிடித்த கோட்டிக்காரத் தம்பதி என்று முடிவு செய்து விட்டுவிட்டார்கள். டீக்கு மட்டும் சர்க்கரை கூடுதலாகப் போடுவார்கள்.

வெள்ளைக்காரன் காலத்திலேயே அங்கே தோண்டி, கிடைத்ததில் ஒரு பங்கைச் சீமைக்கும் மீதியை மெட்ராஸுக்கும் கொண்டுபோய்விட்டார்கள் என்று இவர் எங்கோ கேட்டு வந்து சொன்னபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஒருத்தி தன் பிள்ளைக்கென்று வைத்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்க இவர்கள் யார்? ஆராய்ச்சியாம். “நீ ஏன் கெடந்து சத்தம் போடுத? அவனா ஒன்கிட்ட வந்து கேட்டான்?” என்றார் இவர். கேட்டிருந்தால் நன்றாகக் கொடுத்திருப்பேன், என் வாயால்.

ஒரு தடவை கொற்கைக்கும் போனோம். பழைய துறைமுகம், முத்து விளைந்த ஊர் என்று படித்திருந்தேன். போய்ப் பார்த்தால் வயலும் வாழையும். கடல் எங்கேயோ கிழக்கே தள்ளிப் போய்விட்டது. குளக்கரையில் ஒரு வயசாளி மரம் வேரைப் பரப்பிக்கொண்டு நின்றது. வாழைத்தார் சுமந்து போன ஒருவர், “இங்கனதான் கப்பல் வந்து நிக்குமாம்” என்று நெல் வயலைக் காட்டிவிட்டுப் போனார். எனக்கு எரிச்சலாக வந்தது. போன கடலுக்குக்கூட இடம் காட்ட ஊரில் ஆள் இருக்கிறது என்று இவரைப் பார்த்துச் சொன்னேன். திரும்பி வரும் வழியெல்லாம் நான் பேசவில்லை. அவருக்கு அது புதுசு. நடுவில் இரண்டு தடவை என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஆபீஸில் என் பக்கத்து இருக்கைக்காரி உவரியைச் சேர்ந்தவள். கடற்கரை ஊர், மாதாவும் அந்தோணியாரும்தான் அவளுக்கு எல்லாம். அவளுக்கும் ஒரு பிள்ளை, நடக்கத் தொடங்கிய பிறகு, காய்ச்சலில் போயிருந்தது. கல்லறைத் திருநாளுக்கு வருடா வருடம் லீவு போட்டு ஊருக்குப் போவாள். பிள்ளையின் குழிக்கு மேல் சின்னதாக ஒரு சிலுவை உண்டு. அதற்குச் சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்தி கொளுத்தி வைப்பாளாம். அந்த வருடமும் போய்விட்டு வந்து, கருவாட்டுப் பொட்டலத்தோடு அதையெல்லாம் சொன்னாள். நான் சைவம் என்று தெரிந்தும் கருவாடு கொண்டுவருகிற ஒரே ஆள் அவள்தான்.

“ஒனக்கென்னட்டி, போய் உக்காந்து அழ ஒரு சிலுவை இருக்கு” என்று சொல்லிவிட்டேன். சொன்ன வேகத்தில் எனக்கே நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அவள் கோபப்படவில்லை. காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, “கேளு. விடாம கேளு. ஆம்பிளையளுக்கு எல்லாம் தெரியும், சொல்ல மாட்டாவ” என்றாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் அத்தையிடம் போனேன். அவள் முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“எம் பிள்ளையை எங்கன வச்சிருக்குன்னு உங்க மகன்ட்ட சொல்லச் சொல்லுங்க. இல்லாட்டா நீங்க சொல்லுங்க.”

“எனக்குத் தெரியாது.”

“பொய்யி.”

அவள் கீரைத் தண்டைக் கீழே போட்டாள். “ஏட்டி, ஒனக்கு ஒண்ணு. எனக்கு ரெண்டு. ரெண்டையும் எங்கன வச்சாவன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. கேட்டேன், ஒன்னை மாதிரியே தலைவிரிச்சுப் போட்டுக் கேட்டேன். எங்க மாமியா சொல்லவிடல. தெரிஞ்சிருந்தா நான் எந்திரிச்சு இன்னொரு பிள்ளை பெத்திருப்பேன்னா நெனைக்க? ஒன் புருசன் பொறந்திருப்பானா?” போட்ட தண்டை மறுபடியும் எடுத்தாள். “நீயாவது எந்திரிக்கணும்னுதான் அவன்ட்ட அப்படிச் சொல்லிவச்சேன்.”

அவள் மேல் இருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மீதிக் கீரையை ஆய்ந்தேன். அவளுக்கு இடம் தெரியாமல் இருந்து பழகிவிட்டது. எனக்குப் பழகாது என்று மட்டும் அப்போது தெரிந்துகொண்டேன்.

அந்த ஐப்பசிக் கடைசியில் மலையில் மழை கொட்டி, அணைகளைத் திறந்துவிட்டு, ஊருக்குள் ஆறு வந்தது. அந்த வெள்ளத்தைப் பார்த்தவர்கள் இன்னும் அதை வைத்துத்தான் வருடக் கணக்கே சொல்வார்கள். குறுக்குத்துறை முருகன் கோயில் முழுகிப்போனது. ஜங்ஷனில் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. வாழைகள் வேரோடும், கூரைகள் அப்படியே முழுசாகவும், மாடுகள் கயிற்றோடும் போயின. எங்கள் வீடு மேட்டில் இருந்ததால் தப்பித்தோம். லைன்கள் எல்லாம் அறுந்து ஆபீஸில் இணைப்புப் பலகைகள் ஊமையாகிவிட்டன. பெண்கள் வாசலில் வந்து நின்று, என் அண்ணனுக்கு ஒரு போன் போடு, என் மகளுக்கு ஒரு போன் போடு என்று அழுதார்கள். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். என் மனசெல்லாம் ஆற்றங்கரையில் இருந்தது.

தண்ணீர் வடிந்ததும் சேதக் கணக்கெடுக்க இவரை அனுப்பிவிட்டார்கள். காலையில் போனால் இருட்டித்தான் வருவார், முழங்கால் வரை சேறு. ஒருநாள் மத்தியானமே வந்துவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டால் உட்காரவில்லை.

“வா” என்றார்.

“எங்கன?”

“வாட்டி. செருப்பு வேண்டாம், சேறாக் கெடக்கு.”

அத்தை அடுக்களை நிலையில் நின்று பார்த்தாள். நாங்கள் நடந்தோம். கருப்பந்துறையைத் தாண்டியபோது எனக்குப் புரிந்துவிட்டது, கால்கள் ஓடத் தொடங்கிவிட்டன. அவர் என் கையைப் பிடித்துப் பைய நடக்கவைத்தார். வாழைத் தோட்டம் ஒன்று பாயாக விழுந்து கிடந்தது. அதைத் தாண்டிக் கரைக்கு வந்தோம். கரை என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. மண்ணை அரிவாளால் வெட்டி எடுத்த மாதிரி செங்குத்தாக நின்றது. கீழே கலங்கல் தண்ணீர் இன்னும் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது.

அவர் பாலத்தைப் பார்த்தார். அக்கரையில் ஒரு மண்டபத்தைப் பார்த்தார். இடப்பக்கம் கொஞ்சம் நகர்ந்தார், பின்னால் வந்தார். எல்லைக்கல் தேடுகிறபோது எப்படி நிற்பாரோ அப்படி நின்றார். பிறகு கையை நீட்டினார். கை ஆற்றின் நடுவைக் காட்டியது.

“அந்தா” என்றார்.

“எது?”

“அங்கன சுழிக்குலா, அதுக்கு இந்தப் பக்கம். ஒரு மருதமரம் நின்னுச்சி. அதுக்குக் கீழ, கெழக்க பாத்து வச்சேன்.”

எனக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுசாக நினைவில்லை. இத்தனை மாசமாகக் கேட்டேனே, பிச்சைக்காரி மாதிரி கேட்டேனே, எவளோ ஒருத்தியின் பிள்ளையிடம் போய் உட்கார்ந்து அழுதேனே, அப்போதெல்லாம் சொல்லாமல் எல்லாம் போன பிறகு கூட்டிவந்து தண்ணீரைக் காட்டுகிறீர்களே, நீங்கள் மனுஷன்தானா என்று கேட்டேன். அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். உலுக்கவிட்டார்.

“அம்மா தலைல கைவச்சுச் சத்தியம் பண்ணியிருந்தேன், அந்த எடத்தை ஒனக்குக் காட்ட மாட்டேன்னு” என்றார். “இப்ப எடம் இல்ல. அதான் காட்டுதேன்.”

சொல்லிவிட்டு அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். அவர் தோள் குலுங்கியது. அவர் அழுது நான் பார்த்ததில்லை. பிள்ளை போன அன்றைக்குக்கூட ஈரத் தலையோடு வந்து சும்மாதான் நின்றார்.

“வாரா வாரம் வருவேன்” என்றார், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. “ஆபீஸ் முடிஞ்சு, சைக்கிளை அந்தத் தோட்டத்துல போட்டுட்டு, கொஞ்ச நேரம் மரத்துக்கிட்ட இருந்துட்டு வருவேன். ஒருதரம் பணியாரம் வாங்கிட்டுவந்து வச்சேன். ஒன்ட்ட சொல்ல முடியல. எனக்காவது இருந்துச்சி. இப்ப எனக்கும் இல்லட்டி.”

அதற்கு மேல் அவரை என்னால் திட்ட முடியவில்லை. நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கரை சரிந்திருந்த பக்கமாகப் பார்த்துத் தண்ணீரில் இறங்கினேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. எழுந்து எனக்கு முன்னால் இறங்கி, காலால் தரையைத் தடவிப் பார்த்து, கையைக் கொடுத்தார்.

“இங்கனயா?” என்றேன்.

“இன்னும் தள்ளி.”

தண்ணீர் முழங்காலைத் தாண்டியது. “இங்கனயா?”

“இன்னும் கொஞ்சம்.”

இடுப்பு வரைக்கும் வந்துவிட்டது. அவர் மறுபடியும் பாலத்தைப் பார்த்தார், மண்டபத்தைப் பார்த்தார், முன்னால் ஒரு கை தூரத்தைக் காட்டி, “அந்தா, அங்கனதான்” என்றார். இருவரும் கையை நீட்டிக்கொண்டு நின்றோம். அதற்கு மேல் போக ஆறு விடவில்லை.